புதிதாக வருபவர் முதல் நாளே கத்தி அடிக்கக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

உலைமூலை எழுதியது:

வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பொதுப் பட்டறை நடத்துகிறோம். ஒரு கரி உலை, ஒரு எரிவாயு உலை, இரண்டு பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை), ஒரு பெரிய வைஸ். வார இறுதியில் மட்டும் திறப்போம். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. வேலை முடிந்து வந்து இரும்பு தட்டுகிற கூட்டம்தான்.

இப்போது உள்ளுக்குள் ஒரு சண்டை. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் கத்தி செய்யத்தான் வருகிறார்கள். அதுவும் வீடியோவில் பார்த்த மாதிரி வரி வரியாக ஓடும் தமாஸ்கஸ் கத்தி. எங்களில் மூத்தவர்கள், முதலில் கொக்கி, அப்புறம் குறடு, அதற்கப்புறம்தான் கத்தி என்று விதி போடச் சொல்கிறார்கள். விதி போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்கிறது மற்றொரு பக்கம். உங்கள் பட்டறைகளில் என்ன செய்கிறீர்கள்?

பழைய சம்மட்டி எழுதியது:

நான் மூத்தவர்கள் பக்கம். மரியாதைக்காகவோ வரிசைக்காகவோ சொல்லவில்லை. ஒரு கொக்கிக்குள்ளேயே பாதித் தொழில் இருக்கிறது.

10 மி.மீ. எம்.எஸ். (கார்பன் குறைந்த சாதாரண இரும்பு) கம்பி ஒன்றைக் கொடுத்து முனையைக் கூராக நீட்டச் சொல்லுங்கள். புதியவர் கம்பியை உருட்டிக்கொண்டே சுற்றிலும் தட்டுவார். உருண்டையாகவே வைத்து நீட்டினால் உள்ளே விரிசல் விடும், முனை குழிந்து பிளந்துகொள்ளும். முதலில் சதுரமாக்க வேண்டும். சதுரமாகவே வேண்டிய நீளத்துக்கு நீட்ட வேண்டும். பிறகு நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருட்ட வேண்டும். நடுவில் சதுரம் சரிந்து சாய்சதுரமாகும், அதைத் திருத்தக் கற்க வேண்டும். முனை மெலிந்துவிட்டால் மற்ற இடத்துக்கு முன்பே அது பழுத்து, கவனிக்காவிட்டால் பொறி விட்டு எரிந்தே போகும். கத்தியின் நுனிக்கும், பிடிக்குள் போகும் வாலுக்கும் வேலை இதுவேதான். கொக்கி கெட்டால் ஒரு சாண் கம்பி போயிற்று. கத்தி கெட்டால் நல்ல எஃகும் ஒரு நாளும் போயிற்று.

இன்னொன்று. புதியவர்கள் எப்போதும் இருப்பதிலேயே பெரிய சுத்தியலைத்தான் தூக்குவார்கள். 800 கிராமிலிருந்து 1 கிலோவுக்குள் இருந்தால் தாராளம். இறுக்கிப் பிடிக்காமல், அடி விழுந்ததும் சுத்தியல் தானாக எழும்ப விட வேண்டும். பட்டடையின் உயரம், பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டால் மூடிய கையின் விரல்முட்டி தொடும் அளவு. முழங்கை வலி என்று வருகிறவர்களில் பலருக்கு இந்த இரண்டைச் சரிசெய்தாலே குறையும்.

செந்தணல் எழுதியது:

ஐயா சொல்வதில் நுட்பம் எல்லாம் சரி. முடிவு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஆசைதான் ஒருவரை அனலில் நிற்க வைக்கிறது. அந்த ஆசையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்றால் எப்படி? தவிர, ஒருவர் வீட்டில் எத்தனை கொக்கி மாட்டுவார்!

நீங்கள் சொல்கிற அதே பாடத்தைக் கத்தியிலேயே நடத்தலாம். முனை நீட்டுவது அதில் இருக்கிறது. வெட்டும் பக்கத்தை மெலிய அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் நீண்டு, கத்தி முதுகுப் பக்கமாக வளைந்துகொண்டு போகும். அதனால் அடிக்கத் தொடங்கும் முன்பே எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைத்து வைக்க வேண்டும். இரும்பு எந்தப் பக்கம் நகரும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் வேலை எது? சின்னக் கத்தியாக இருக்கட்டும், விரல் நீளம் போதும்.

காந்தம் எழுதியது:

செந்தணல், வடிவம் அடிப்பது வரை உங்களோடு ஒத்துப்போகிறேன். சிக்கல் அதற்கப்புறம். துவைச்சல் (பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது) போடாத கத்தி வெறும் கத்தி வடிவ இரும்பு. துவைச்சல் சரியாக வர வேண்டுமென்றால் கையில் இருப்பது என்ன எஃகு என்று தெரிந்திருக்க வேண்டும்.

எம்.எஸ்.ஸில் கார்பன் சுமார் 0.25 சதவீதத்துக்குள்தான். அதை எத்தனை முறை எண்ணெயில் முக்கினாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. லாரி வில்பட்டையில் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கலாம், நன்றாகவே துவையும். ஆனால் பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல் இருக்கும். எல்லாம் முடிந்து சாணை பிடிக்கும்போதுதான் அது முகம் காட்டும். பழைய அரம் என்று நம்பி எடுத்தால், சில மலிவு அரங்களில் மேல்தோல் மட்டும்தான் கார்பன் ஏற்றியது, உள்ளே மென்மையான இரும்பு. யாராவது ஒரு துண்டைக் கொண்டுவந்து 'இது நல்ல ஸ்டீல், என் மாமா கொடுத்தார்' என்றால், முதலில் ஒரு விரல்கடை வெட்டிப் பழுக்கக் காய்ச்சித் துவைத்து, வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள். கண்ணாடி அணிந்துகொண்டு. உடையாமல் வளைந்தால் கத்திக்கு ஆகாது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் நல்லது. சர்க்கரை போலப் பளபளவென்று மணி மணியாக இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

கத்திதான் வேண்டுமென்றால் பட்டறையே 1084 மாதிரி ஒரு எளிய எஃகை வாங்கி வைக்கட்டும். அதில் கார்பன் 0.8 முதல் 0.93 வரை, வேறு பெரிய சேர்மானம் இல்லை. அடித்து முடித்ததும் பழுக்கக் காய்ச்சிச் சும்மா காற்றில் ஆறவிட வேண்டும். இதை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே. அடிக்கும்போது பருத்த உள்மணிகள் (எஃகுக்குள் இருக்கும் நுண்படிகங்கள்) இதில் சிறுத்துவிடும். பிறகு துவைச்சல். 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதைத் தாண்டி ஒரு நிழல் கூடுதல் சிவப்பு, 815 வாக்கில், அப்போது எண்ணெய்க்குள்.

எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருங்கள். சூடான எண்ணெய் இளகி ஓடும், அதனால் குளிர்ந்த எண்ணெயைவிட வேகமாக வெப்பத்தை வாங்கும். கேட்க விநோதம்தான். கத்தியை உள்ளே விட்டதும் வெட்டும் வாக்கில் முன்னும் பின்னும் அசைக்கலாம், பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். வெளியே எடுத்து அரத்தால் இழுத்துப் பார்த்தால் வழுக்க வேண்டும். உடனே பதம் இறக்குங்கள் (நொறுங்காதபடி கடினத்தைச் சற்றுத் தளர்த்த மிதமாகக் காய்ச்சுவது), சுமார் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு முறை. 'நாளைக்குச் செய்யலாம்' என்று மேசையில் வைத்துவிட்டுப் போன கத்தி, கீழே விழுந்தால் இரண்டாக உடையக்கூடும்.

இவ்வளவையும் முதல் நாள் வந்தவரிடம் சொல்லி முடிப்பதற்குள் உலை அணைந்துவிடும்.

தட்டுமுட்டு எழுதியது:

ரயில் தண்டவாள ஆணியை முறுக்கிக் கத்தியாக்கி, ஆணித் தலையைப் பிடியாக விட்டுவிடச் சொல்லுங்கள். பார்க்க அழகு, முதல் நாள் ஆசையும் தீரும். பெரும்பாலான ஆணிகளில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டாது, அதனால் கூர் நிற்காது. கடிதம் பிரிக்கலாம்.

கரித்துகள் எழுதியது:

கொக்கியா கத்தியா என்பதற்கு முன்னால் ஒரு விஷயம். வீட்டுப் பின்பக்கம் தனியாக அடிப்பவர் தன் கையை மட்டும் சுட்டுக்கொள்வார். பொதுப் பட்டறையில் நான் வைத்துவிட்டுப் போன இரும்பை நீங்கள் எடுப்பீர்கள்.

திடப்பொருள் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரத் தொடங்குவது சுமார் 525 டிகிரியில். ஜான் வில்லியம் டிரேப்பர் என்பவர் 1847இல் இதைக் கண்டறிந்தார். அதற்குக் கீழே 400 டிகிரியில் கிடக்கும் கம்பியும், காலையிலிருந்து தொடாமல் கிடக்கும் கம்பியும் பார்வைக்கு ஒன்றே. எங்கள் பட்டறையில் கண்டிப்பான விதி: சூடான துண்டுக்கு என்று ஒரு மணல் தொட்டி, சூடு அங்கே மட்டும்தான் ஆறும். தரையில், பட்டடை மேல், வைஸ் பக்கத்தில் எங்கும் வைக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் புறங்கையை ஒரு சாண் தள்ளி வைத்து அனல் அடிக்கிறதா என்று பாருங்கள். தொட்டுப் பார்ப்பது சோதனை இல்லை.

அடுத்து ஜி.ஐ. பைப், துத்தநாகப் பூச்சுக் கம்பி எதுவும் உலைக்குள் போகக்கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். உலை அதை எளிதாகத் தாண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். வீட்டுக்குப் போன பிறகு வருவதால் பலர் பட்டறையைச் சந்தேகிப்பதே இல்லை. குரோம் பூசியதும் வேண்டாம். உடை பருத்தி, காலில் தோல் செருப்பு இல்லை, ஷூ. பாலியஸ்டர் சட்டை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கண்ணுக்குக் கண்ணாடி, இதில் பேச்சே இல்லை. தெறித்து வருகிற செதில் சூடாகவும் இருக்கும், கூராகவும் இருக்கும்.

எண்ணெய்த் தொட்டி இரும்பில், மூடியோடு. தீப்பிடித்தால் மூடியைப் போடுங்கள். தண்ணீர் ஊற்றுகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார், அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உலைமூலை எழுதியது:

நன்றி கரித்துகள், மணல் தொட்டியை இந்த வாரமே வைக்கிறோம். எங்கள் எரிவாயு உலை ஒரு சுவரோரம் இருக்கிறது, இரண்டு ஜன்னல். போதுமா? புதியவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறோம், கரி உலையைப் பழகியவர்கள் வைத்துக்கொள்கிறார்கள்.

நீலச்சுடர் எழுதியது:

ஜன்னல் இருப்பது வேறு, காற்று ஓடுவது வேறு. உலை வாயிலிருந்து நீளமாகச் சுடர் வெளியே நக்குகிறதென்றால் எரிவாயு முழுதாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடு வருகிறது. மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால் வெயில் என்று நினைத்துவிடுவார்கள். மூச்சுவிடும் உயரத்தில் ஒரு எச்சரிக்கைக் கருவி மாட்டுங்கள், எதிரெதிரே திறப்பு வையுங்கள். கரி உலைக்கும் இதே கதைதான், அதற்குப் புகைபோக்கி நன்றாக இழுக்க வேண்டும்.

உலைக்குள் இருப்பது செராமிக் நாரா? அப்படியென்றால் மேலே தீக்களிமண் பூச்சு இருக்கிறதா பாருங்கள். பூசாத நார் உதிர்ந்து பறக்கும், நுரையீரலுக்கு ஆகாது. தமாஸ்கஸ் ஆசைக்காரர்கள் அடுக்குகள் ஒட்டுவதற்காக வெண்காரம் தூவினால் அது உருகி நாரைத் தின்றுகொண்டே போகும். அடியில் ஒரு தீச்செங்கல் பலகை போட்டு அதன் மேல் மட்டும் ஒட்டுவேலை நடக்கட்டும்.

தமாஸ்கஸ் பேச்சு வந்ததால்: 1084ஐயும் நிக்கல் கலந்த 15என்20ஐயும் மாறி மாறி அடுக்கி, 1200 டிகிரியை ஒட்டி மஞ்சளாகக் காய்ச்சி ஒட்ட வேண்டும். கடைசியில் ஃபெரிக் குளோரைடில் ஊறவைத்தால் நிக்கல் அடுக்கு வெளிச்சமாக நிற்கும், மற்றது கறுக்கும். முதல் ஒட்டு பிடிக்கிற சூட்டைக் கண் அறிந்துகொள்ளவே நாளாகும். இதை முதல் நாள் கேட்பவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

வாசல்படி எழுதியது:

நான் இந்தத் துறைக்குப் புதிது. ஒரு பொதுப் பட்டறைக்குப் போய்விட்டு நின்றுவிட்டேன் (எது என்று சொல்லமாட்டேன்). இங்கே எல்லாரும் கொக்கியா கத்தியா என்று பேசுகிறீர்கள். நான் நின்றதற்கு அது காரணம் இல்லை. என்னைக் கொக்கிதான் செய்யச் சொன்னார்கள், சந்தோஷமாகத்தான் செய்தேன். ஆனால் ஒரு உலையைச் சுற்றி ஆறு பேர். என் கம்பியை உள்ளே வைத்தால் யாராவது தள்ளி வைப்பார்கள். முறை வரும்போது காற்றை யாரோ குறைத்திருப்பார்கள். பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பொருந்துகிற குறடும் இல்லை, இருந்த ஒன்றில் கம்பி அடிக்கு அடி திரும்பிக்கொண்டே இருந்தது. கத்தி கேட்டு வருகிறவர்களை மாற்றுவதைவிட, நிற்கிற நேரத்தை மாற்றினால் ஆள் நிற்பார்கள் என்று தோன்றுகிறது.

பழைய சம்மட்டி எழுதியது:

வாசல்படி, இழையிலேயே உருப்படியான பேச்சு உங்களுடையதுதான்.

ஒரு உலைக்கு இரண்டு பேர், அதற்கு மேல் கூடாது. ஒருவர் கம்பி காயும்போது மற்றவர் அடிப்பார். மூன்றாமவருக்கு வைஸில் வேலை, நான்காமவர் அரத்தில். அப்புறம் நாம் மறந்துபோன ஒன்று, சம்மட்டி போடுவது. ஒருவர் இரும்பைப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் இடம் காட்ட, எதிரே நிற்பவர் சம்மட்டியால் அதே இடத்தில் போடுவார். பிடித்தவர் சுத்தியலை வெறும் பட்டடையில் தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். சம்மட்டிக்காரர் இரும்புக்கு நேரே நிற்கக்கூடாது, கொஞ்சம் விலகி நிற்க வேண்டும். ஒரு புதியவர் அரை நாள் சம்மட்டி போட்டால், எந்தச் சூட்டில் எவ்வளவு நகர்கிறது என்பது அவருக்குத் தோளிலேயே ஏறிவிடும். நிற்கிற பேச்சும் இல்லை.

உலைமூலை, உலைக்கு மேலே பெரிய விளக்கு எரிகிறதா? அணையுங்கள். வெயிலில் மங்கலாகத் தெரிகிற சிவப்பு, நிழலில் பளீரென்று தெரியும். ஆளுக்கு ஆள் வேறு வெளிச்சத்தில் பார்த்தால் 'செர்ரி சிவப்பு' என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லை.

காந்தம் எழுதியது:

வெளிச்சம் பற்றி ஐயா சொன்னதோடு சேர்த்து ஒன்று. மங்கலான இடத்தில் துவைச்சலுக்குக் காய்ச்சும்போது உற்றுப் பாருங்கள். எஃகு உள்ளுக்குள் மாறும் நேரத்தில் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், அப்போது சிவப்பின் மேல் ஒரு நிழல் ஊர்ந்து போகும். நிழல் போய் நிறம் சமமானால் எஃகு தயார். பழகிய கண்ணுக்குக் காந்தத்தைவிட இது நம்பிக்கை.

கொம்பு எழுதியது:

குறடு இல்லை என்பதற்கு மருந்து குறடு அடிப்பதுதான். புதியவர்களின் இரண்டாவது வேலை அதுவாக இருக்கட்டும், முதல் ஜோடி பட்டறைக்கு, அடுத்த ஜோடி அவருக்கு. எங்களிடம் அப்படித்தான் சுவர் நிறைந்தது.

20 மி.மீ. சதுரக் கம்பி. நன்றாக மஞ்சளாகக் காய்ச்சி, முனையைப் பட்டடையின் உள் ஓரத்தில் வைத்து, சுத்தியலின் பாதி முகம் பட்டடை மேலும் பாதி வெளியேயும் இருக்கும்படி அடித்தால் வாய் தட்டையாகி ஒரு படி விழும். இடப்பக்கம் கால் சுற்று திருப்பி, வெளி ஓரத்தில் சாய்வாக நீட்டி வைத்து மறுபடி அடித்தால் ஆணி போகும் இடம் பிரியும். இன்னொரு கால் சுற்று இடப்பக்கம், அடுத்த படி, அதிலிருந்து கைப்பிடியை நீட்டிக்கொண்டு போகலாம். படியின் உள்மூலை கத்தி மாதிரி கூராக வரக்கூடாது, அங்கேதான் பின்னால் ஒடியும். பட்டடை ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இரண்டாவது பாதியை முதலாவதன் கண்ணாடி பிம்பமாகச் செய்வார்கள். அப்படிச் செய்தால் ஒன்றோடொன்று சேராது. இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். ஒன்றைப் புரட்டி மற்றதன் மேல் வைத்தால் குறடு. வாயை அடிக்கப்போகும் கம்பியின் அளவுக்குச் சூட்டிலேயே பொருத்தி, நடுவில் ஒரு பள்ளம் விட்டால் உருண்டைக் கம்பி திரும்பாது.

அடுத்தவீடு எழுதியது:

ஒரு சின்ன இடைச்செருகல். பட்டடை கணீரென்று ஒலித்தால் தரமானது என்று பெருமைப்படுவார்கள். நான்கு பேர் ஒரே கூரைக்குக் கீழே அடிக்கும்போது அந்தக் கணீர்தான் காதை வாங்கும். பட்டடையின் இடுப்பில் கனமான சங்கிலியைச் சுற்றுங்கள், வாலுக்குக் கீழே ஒரு பெரிய காந்தம் ஒட்டுங்கள். அடியின் பலம் குறையாது, சத்தம் மட்டும் அடங்கும். காதடைப்பு அதற்கு மேலும் வேண்டும்.

செந்தணல் எழுதியது:

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். கொக்கி முதலில் இருக்கட்டும். ஆனால் கொக்கிக்கும் கத்திக்கும் நடுவே மாதக்கணக்கில் இழுக்காதீர்கள்.

கரி, எரிவாயுச் செலவை எப்படிப் பகிர்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வட அமெரிக்காவில் கலைக் கொல்லர்களின் சங்கம் ஒன்று 1973இல் தொடங்கியது, அதன் கிளைக் குழுக்களில் 'அயர்ன் இன் த ஹேட்' என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவருவார்கள், தானே செய்த உளி, உபரி எஃகு, எதுவானாலும். சீட்டு வாங்கிக் குலுக்கலில் எடுத்துப் போவார்கள். சீட்டுப் பணம் குழுவின் செலவுக்கு. வேண்டாத இரும்பும் வேண்டியவர் கைக்குப் போய்ச் சேரும். பொதுப் பட்டறைக்கு இது நன்றாகப் பொருந்தும்.

உலைமூலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டோம், மூத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் இன்னும் முகம் சரியில்லை.

உலைக்கு இரண்டு பேர் என்று பலகை தொங்குகிறது. முதல் நாள் கொக்கி, அன்றைக்கே அரை நாள் சம்மட்டி. அடுத்து குறடு, முதல் ஜோடி பட்டறைச் சுவருக்கு. குறடு முடித்தவருக்கு மாதத்தில் ஒரு நாள் கத்தி நாள், அன்று 1084 மட்டும், துவைச்சல் எல்லாரும் ஒன்றாகக் காந்தம் சொன்ன முறையில். கொண்டுவந்த மர்ம எஃகு உடைத்துப் பார்க்காமல் உள்ளே வராது. தமாஸ்கஸ் பற்றி இப்போதைக்கு வாயே திறக்கவில்லை. வாசல்படி, பக்கத்தில் இருந்தால் வாருங்கள், உங்களை நிற்க விடமாட்டோம்.

கொம்பு, ஒரு கேள்வி. குறட்டு ஆணி 8 மி.மீ. போடுகிறோம். தலை அடிக்க எவ்வளவு வெளியே விட வேண்டும்? எங்களுடையது ஒன்று வளைந்துவிடுகிறது, இல்லையென்றால் தலை போதாமல் போகிறது.

கொம்பு எழுதியது:

ஆணியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 12 மி.மீ. வளைகிறதென்றால் நீளம் கூடுதல், அல்லது துளை தளர்வு. ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் போட்டு, முதலில் நேராக இரண்டு மூன்று கனமான அடி, துளைக்குள் நிரம்பட்டும். அதற்கப்புறம் சுற்றிலும் சின்ன அடிகளால் தலையை உருட்டுங்கள். இறுகிப்போனால் பயப்பட வேண்டாம். ஆணி போட்ட இடத்தை மறுபடி சிவக்கக் காய்ச்சி, திறந்து மூடிக்கொண்டே தண்ணீரில் ஆற்றினால் தளர்ந்துவிடும்.

வாசல்படி எழுதியது:

தண்ணீரில் ஆற்றினால் கடினமாகி உடையாதா?

கொம்பு எழுதியது:

எம்.எஸ். என்றால் உடையாது. லாரிப் பட்டையில் குறடு அடித்தவர்கள் மட்டும் காற்றில் ஆற்றுங்கள், தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள்.